கிழங்கும் இஞ்சியும் என் மச்சானும்

மரவள்ளிக்கிழங்கையும் இஞ்சி டீயையும் அடுத்தடுத்துக் கொடுத்து என் மச்சானை நான் கொன்றுவிட்டேன் என்று, மாசி மாதத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் மனதார நம்பினேன். சந்தேகத்துக்கு இடம் வைத்துக்கொண்டு நம்பவில்லை. எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன். கட்டம் போட்ட நீலச் சட்டை. அதில்தான் கொஞ்சம் அப்பாவியாகத் தெரிவேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் சிரிக்க மாட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கல்வராயன் மலை கண்ணுக்கெதிரே மதில்போல நிற்கிற ஊர் எங்களுடையது. கரும்பு போக மிச்ச நிலத்தில் மரவள்ளிதான். லோடு லோடாக ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். ஆலைக்குப் போனது போக வீட்டுக்கு வந்ததை அவித்தும், சுட்டும், துருவி அடை தட்டியும் தின்று வளர்ந்த சனங்கள் நாங்கள். எங்களுக்கு எழுத்துப் படிக்கும் முன்பே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கிழங்கு தின்ற வாயில் இஞ்சி படக்கூடாது. பட்டால் விஷம். எப்படி விஷம், யாருக்கு ஆனது என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. கிழங்கு அவிகிற அன்றைக்கு என் அம்மா இஞ்சியை எடுத்துப் பரணில் போட்டுவிடுவாள். விட்டால் அது தானாக நடந்து வந்து எங்கள் வாய்க்குள் ஏறிவிடும் என்பதுபோல.

நான் மைக் செட்காரன். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம், கருமாதி எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவது என் தொழில். கட்டிவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன் என்பது என் வியாதி. மைக்கைப் பிடித்தால் வாய் நிற்காது. காணாமல் போன மாமனார் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், தொலைத்த மருமகன் இஷ்டமிருந்தால் வந்து அழைத்துப் போகலாம் என்று அறிவிப்பேன். சனங்கள் சிரிப்பார்கள். ஓர் ஆடித் திருவிழாவில் கூழ் வரிசை நகரவே இல்லை. எனக்கோ பசி. மலையிலிருந்து கரடி ஒன்று இறங்கி நம் ஊர்ப் பக்கம் வந்துகொண்டிருப்பதாக மைக்கில் சொன்னேன். பாதி வரிசை கலைந்தது. நான் போய்க் கூழை வாங்கிக் குடித்தேன். கருவாட்டுக் குழம்பு அன்றைக்கு அமிர்தம். அதன்பிறகு நான் மைக்கில் எதைச் சொன்னாலும் கூட்டத்திலிருந்து யாராவது ஒருவன், “கரடி வந்திருச்சா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஊருக்கு என்னால் ஒரு சொல்வழக்கு கிடைத்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

மச்சான் என்று சொன்னது என் மனைவியின் அண்ணனை. குத்தகைக்கு நிலம் பிடித்துக் கிழங்கு போடுகிறவன். என்னைவிடச் சில வயது மூத்தவன் என்றாலும் எங்களுக்குள் மரியாதை என்ற பேச்சே கிடையாது. அவன் என்னை “மாப்ள” என்பான். நான் “மச்சான்” என்பேன். அந்த இரண்டு சொல்லுக்குள் எல்லா வசவும் அடங்கும். அவன் பெண்டாட்டியை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் மோசமாகி, பிழைப்பதே சந்தேகம் என்று இருந்த நேரத்தில் அவன் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டான். பிழைத்து வந்தால் வருசா வருசம் மயானக் கொள்ளைக்கு நானே காளி வேசம் கட்டுகிறேன் என்று. அக்கா பிழைத்தார். பிள்ளையும் பிழைத்து இப்போது திருப்பூரில் பனியன் தைக்கிறது. மச்சான் ஒரு வருசம் தவறாமல் வேசம் கட்டினான்.

மயானக் கொள்ளை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சிவராத்திரி கழிந்து வருகிற அமாவாசையில், கோயிலிலிருந்து அம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். வேசம் கட்டியவர்கள் முன்னால் ஆடிக்கொண்டு போவார்கள். சுடுகாட்டில் மண்ணால் பெரிய அம்மன் உருவம் படுத்த நிலையில் செய்து வைத்திருப்பார்கள். அந்த வருசம் வயலில் எது விளைந்ததோ அதெல்லாம் அங்கே கூடை கூடையாக வந்து இறங்கும். அவித்த மொச்சை, காராமணி, கொழுக்கட்டை, கத்திரிக்காய், முருங்கைக்காய், எங்கள் ஊர் என்பதால் அவித்த மரவள்ளிக்கிழங்கு. மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வருகிற சனங்கள் சாமையும் கொள்ளும் கொண்டு வருவார்கள். காளி முறத்தில் அள்ளிச் சூறை விடுவாள். கீழே விழுவதைச் சனங்கள் பாய்ந்து பொறுக்குவார்கள். பொறுக்கியதில் ஒரு பிடியை வயலில் போட்டால் வெள்ளாமை பெருகும். சுடுகாட்டில் போய்ச் சாப்பாட்டுக்கு அடித்துக்கொள்ளும் ஒரே திருவிழா எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அன்று காலை கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மச்சானுக்கு வேசம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நீலம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு, கடைவாயில் கோரைப்பல். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒருவேளைச் சாப்பாடுதான், திருவிழா அன்று பச்சைத் தண்ணீர் மட்டும். ஆள் இளைத்திருந்தான். கையில் சூலத்தைக் கொடுத்தார்கள். அது நழுவி விழுந்தது. மறுபடி கொடுத்தார்கள். மறுபடி விழுந்தது.

“மாப்ள, கை மரமரன்னு கீது. சூலம் நிக்க மாட்டேங்குது.”

“அம்மனுக்கு வயசாயிருச்சு மச்சான். அடுத்த வருசம் சூலத்துக்குப் பதிலா ஊனுகோல் வாங்கித் தந்துர்றோம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். நீலம் பூசிய முகத்தில் சிரிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று யார் பார்த்தது? கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது என்று சூலத்தை ஆட்டிக் காண்பித்தான். பட்டினிதான் காரணம் என்று எனக்குப் பட்டது. மற்றவர்கள் கிரீடம் எடுக்கப் போன நேரம் பார்த்து, சூறைக்கென்று வந்திருந்த கூடையிலிருந்து இரண்டு துண்டு கிழங்கை எடுத்துக் கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான். விரதமாம்.

“சாமிக்குன்னு வந்த கெழங்கு மச்சான். நீ இப்ப சாமி. அவங்கவங்க பொருள அவங்கவங்க துன்றதுல இன்னா தப்பு?”

இந்தத் தர்க்கம் அவனுக்குப் பிடித்துப்போனது. பசியும் இருந்திருக்கும். கோரைப்பல்லைக் கழற்றிவிட்டு மளமளவென்று தின்றான். மரவள்ளி தொண்டையை அடைக்கும் என்று தெரியும்தானே. விக்கினான். என் பிளாஸ்க்கிலிருந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தான். நான் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் ஸ்பீக்கர் வண்டிக்குப் போய்விட்டேன்.

உச்சிவெயிலில் ஊர்வலம் கிளம்பியது. என் குட்டியானை லோடு வண்டியில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நான் பின்னால் ஊர்ந்தேன். வேண்டுதல்காரர்கள் நடுரோட்டில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள், காளி தாண்டிப் போக வேண்டும். தாண்டினால் பிணி போகும். மச்சான் முதல் தெருவில் நன்றாகத் தாண்டினான். கடைத்தெருவுக்கு வந்தபோது வலது காலைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு நடக்கிறான் என்று பட்டது. இதென்ன புது ஆட்டம், நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். ரேஷன் கடைக்கு எதிரே படுத்திருந்த ஒரு அம்மாவின் முதுகில் அந்தக் கால் நன்றாகவே மிதித்துவிட்டது. அந்த அம்மா எழுந்து, முதுகைத் தேய்த்துக்கொண்டு, அவன் காலில் விழுந்து கும்பிட்டார். மற்றவர்களுக்கு வெறும் தாண்டல், தனக்கு அம்மன் பாதமே கிடைத்தது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கோமுகி ஆற்றங்கரையில் சுடுகாடு. அங்கே போய்ச் சேர்ந்து, மண் அம்மனைச் சுற்றி வந்து, முறத்தில் கொழுக்கட்டையும் மொச்சையும் அள்ளிக் கையில் கொடுத்தார்கள். பம்பை மேளச் சத்தம் காதைப் பிளந்தது. மச்சான் முறத்தைத் தலைக்குமேல் தூக்கப் போனான். இடது பக்கம் மட்டும்தான் எழும்பியது. முறம் சாய்ந்து எல்லாம் அவன் தோள்மேலேயே கொட்டியது. அப்படியே முழங்காலிட்டு, மண் அம்மனின் கால்மாட்டில் சரிந்து உட்கார்ந்தான். வாயிலிருந்து சத்தம் வந்தது. சொல்லாக இல்லை. கொழகொழவென்று ஏதோ உருண்டு வந்தது.

“ஆத்தா பேசுறா” என்று ஒரு பெண் குரல் கொடுத்தார். அவ்வளவுதான். சூறையை விட்டுவிட்டுக் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. அவன் வருசா வருசம் ஆடுவான், அழுவான், அருள்வாக்குச் சொன்னதில்லை. இந்த வருசம் சொல்கிறான் என்றால் சும்மாவா. போர் போட்டால் தண்ணீர் வருமா என்றார் ஒருவர். பெண்ணுக்குத் தை மாசத்துக்குள் முடியுமா என்றார் இன்னொருவர். பெங்களூருக்குப் போன மகன் போனே எடுப்பதில்லை, உயிரோடு இருக்கிறானா என்று ஒரு தாய் கேட்டார். எல்லாவற்றுக்கும் அதே சத்தம்தான் பதிலாக வந்தது. அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். போர்க்காரர் இருநூறடியில் தண்ணீர் என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனார்.

நான் வண்டியில் இருந்தேன். எனக்கும் அருள்வாக்கு என்றுதான் பட்டது. தொண்டை காய்ந்ததால் டீ குடிக்கலாம் என்று பிளாஸ்க்கைத் திறந்தேன். மூடியின் அடியில் நசுங்கிய இஞ்சித் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டு ஒரு மிளகளவுதான் இருக்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் என் காதில் பம்பைச் சத்தம் நின்றுபோனது. கிழங்கு. அதன்மேல் இஞ்சி. என் கையால். நாக்குத் தடிக்கிறது, கை விழுகிறது, கால் இழுக்கிறது, இனி மூச்சு நிற்க வேண்டியதுதான் பாக்கி. அம்மா பரணில் ஒளித்த இஞ்சி அத்தனையும் ஒன்றுசேர்ந்து வந்து என்னைப் பிடித்துவிட்டது.

மைக்கை எடுத்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

“எல்லாரும் வெலகுங்க. மச்சானுக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்.”

கூட்டம் ஒரு நொடி என் பக்கம் திரும்பியது. பிறகு எங்கிருந்தோ அந்தக் கேள்வி வந்தது. “இன்னா, கரடி வந்திருச்சா?” சுடுகாடே சிரித்தது. நான் மறுபடி சொன்னேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், என் பிள்ளைமேல் சத்தியம் என்றேன். சிரிப்பு ஜாஸ்தியானது. கோயில் தர்மகர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கருகே வந்தார்.

“சாமி வந்து பேசிக்கினு கீது. இங்கயும் உன் தமாசா? மைக்க ஆஃப் பண்ணிட்டு எறங்குய்யா.”

விஷயத்தை விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொல்வது? விரதக்காரனுக்குச் சூறைக் கூடையிலிருந்து கிழங்கு திருடிக் கொடுத்தேன் என்றா? அம்மன் வேசத்தில் இருந்தவனை நைவேத்தியத்துக்கு முன்னாலேயே எச்சிலாக்கினேன் என்றா? அதைச் சொன்னால் மச்சான் விஷத்தில் சாவதற்கு முன்னால் நான் அடியில் சாவேன். கொலைகாரனாக இருப்பதா, தெய்வக் குற்றவாளியாக இருப்பதா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அக்கா கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்தார். என் மனைவி பின்னால். அக்கா வண்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

“தம்பி, சாமி வந்தா அவுரு அழுவாரு. இத்தினி வருசத்துல ஒரு தபா கூட அழுவாம இருந்ததில்ல. இன்னிக்கி அழுவல. என்னியத்தான் பாத்துக்கினு கீறாரு.”

அவரால் அதை அங்கே உரக்கச் சொல்ல முடியாது. கட்டிய வேசத்தை நடுவில் கலைக்கச் சொன்னவள் என்ற பெயர் எடுத்துக்கொண்டு அந்த ஊரில் அக்காவால் குடியிருக்க முடியாது. உரக்கப் பேசும் மைக் என் கையில்தான் இருந்தது. அதை யாரும் நம்பவில்லை. அவர்கள் நம்பியது மச்சான் வாயிலிருந்து வந்த சத்தத்தை மட்டும்தான்.

ஒயர் இல்லாத மைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கூட்டத்தை விலக்கிப் போய், மச்சான் வாயருகே மைக்கைப் பிடித்தேன். அந்தச் சத்தம் நாலு ஸ்பீக்கரிலும் உருண்டது. கொழகொழவென்ற அந்தக் குரல் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. மச்சானின் கண் என்மேல் இருந்தது. அதில் சாமி இல்லை. மாப்ள, என்னமோ ஆகிப்போச்சுடா என்று சொல்கிற கண் அது.

நான் மைக்கை என் வாய்க்குக் கொண்டுவந்தேன்.

“ஆத்தா வண்டி கேக்குறா.”

கூட்டம் முணுமுணுத்தது.

“எல்லை தாண்டணுங்குறா. கெழக்க. கள்ளக்குறிச்சிப் பக்கம். இப்பவே.”

எந்தக் காலத்தில் அம்மன் எல்லை தாண்டியிருக்கிறாள் என்று தர்மகர்த்தா கேட்டார். வேண்டுமானால் அம்மனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று மைக்கை அவர் பக்கம் நீட்டினேன். அவர் பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனிதன் பேச்சைக் கேட்காத கூட்டம் அம்மன் பேச்சைக் கேட்டது. ஆளுக்கொரு கை பிடித்து, கிரீடமும் கோரைப்பல்லும் வேப்பிலைப் பாவாடையுமாக மச்சானை ஸ்பீக்கர்களுக்கு நடுவே தூக்கிப் படுக்க வைத்தார்கள். அக்காவும் என் மனைவியும் ஏறினார்கள். பின்னாலிருந்து யாரோ ஒரு கூடைக் கொழுக்கட்டையையும் ஏற்றிவிட்டார்கள், வழியில் அம்மனுக்குப் பசிக்கும் என்று. வண்டியை எடுக்கும்போது பம்பைக்காரப் பெரியவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மேளம் இல்லாமல் அம்மன் எல்லை தாண்டக்கூடாதாம். இறக்கிவிட நேரமில்லை.

மச்சானைக் கொன்ற குற்றம் ஒன்று. விரதம் கெடுத்தது இரண்டு. இப்போது அம்மன் பெயரில் பொய் சொன்னது மூன்று. எண்ணிக்கொண்டே ஓட்டியதில் வண்டி ரோட்டின் இரண்டு பக்கத்தையும் தொட்டுத் தொட்டுப் போனது. பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு பம்பையை முழக்கினார். அதில் ஒரு லாபம் இருந்தது. கரும்பு டிராக்டர்களும் பஸ்ஸும் ஒதுங்கி நின்று கும்பிட்டு வழிவிட்டன. ஆம்புலன்ஸுக்குக்கூட அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை. பெரியவரிடம் சொல்லிவிட்டேன். கிழங்கு, இஞ்சி, எல்லாம். அவர் பம்பையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கெழங்கு விசந்தான் தம்பி. எங்க வூட்ல ஒரு வெள்ளாடு செத்துச்சு.”

“இஞ்சி துன்னுச்சா?”

“ஆடு எங்கய்யா இஞ்சி துன்னப்போவுது? தழைய மேஞ்சுது. வெறும் தழைக்கே கால ஒதறிக்கினு போயிருச்சு. நீ கெழங்கும் குடுத்து, அதும்மேல இஞ்சியும்...”

மேற்கொண்டு சொல்லாமல் மறுபடி பம்பையைத் தட்ட ஆரம்பித்தார். முன்னைவிட மெதுவாக. சாவு மேளத்துக்கு அடிப்பதுபோல எனக்குக் கேட்டது. என் மனதுக்குள் டிவியில் செய்தி ஓட ஆரம்பித்தது. கிழங்கு கொடுத்து மச்சானைக் கொன்ற மைக் செட்காரர் கைது. பக்கத்தில் என் படம். எந்தப் படத்தைப் போடுவார்கள்? கல்யாண வீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த படம்தான் எல்லார் செல்போனிலும் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஜாமீன்கூடக் கிடைக்காது. இப்படியெல்லாம் யோசிக்கிற மனதை நானே ஓங்கி அறைந்திருப்பேன், கை ஸ்டியரிங்கில் இருந்தது. பின்னால் அக்கா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தூங்காதே, தூங்காதே என்று.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் காளியை இறக்கினோம். தள்ளுவண்டி கொண்டுவந்தவர் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார், பிறகுதான் தூக்கினார். உள்ளே உட்கார்ந்திருந்த நோயாளிகளில் சிலர் எழுந்து நின்றார்கள். பெரியவரைப் பம்பையோடு உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். என்ன நடந்தது என்று கேட்டார். நான் அதற்காகவே காத்திருந்தவன்போல எல்லாவற்றையும் கொட்டினேன். காலையில் கிழங்கு கொடுத்தேன், இரண்டு துண்டு, உடனே இஞ்சி டீ, வேண்டுமென்று செய்யவில்லை, என்னைப் பிடித்துக் கொடுப்பதானாலும் முதலில் அவனைக் காப்பாற்றுங்கள் என்று கைகூப்பினேன். என் மனைவிக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

“பிளாஸ்க்குல இஞ்சி தட்டிப் போட்டது நானு. அப்ப நானுந்தான் எங்கண்ணன கொன்னேனா?”

டாக்டர் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. பஞ்சில் எண்ணெய் நனைத்து மச்சான் முகத்துச் சாயத்தைத் துடைக்கச் சொன்னார். நர்ஸ் துடைத்தார். நீலம் கழன்று வந்தது, சிவப்பு கழன்று வந்தது. அடியில் மச்சான் முகம் தெரிந்தபோது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். வாய் ஒரு பக்கமாக இறங்கிக் கிடந்தது. எப்போதிலிருந்து அப்படி என்று சொல்ல எங்களில் ஒருவராலும் முடியாது. காலையிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது காளியின் முகத்தை.

இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை எழும்பியது. வலது கை தள்ளுவண்டியிலேயே கிடந்தது, வேறு யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல.

“கிழங்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. கடைசியா இவர் முழுசா நல்லா இருந்தது எப்போ? அதை மட்டும் சரியா சொல்லுங்க.”

சுடுகாட்டில்தான் விழுந்தான் என்றார் அக்கா. நான் கடைத்தெருவில் கால் இழுத்ததைச் சொன்னேன். ரேஷன் கடை அம்மாவைச் சொன்னேன். அதற்கும் முன்னால், காலையில் வேப்பமரத்தடியில், கை மரமரவென்று இருப்பதாக அவன் சொன்னதையும் சூலம் விழுந்ததையும் சொன்னேன். அதற்கு நான் அடித்த ஜோக்கைச் சொல்லவில்லை. டாக்டர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

பிரஷர் இருக்கிறதா, மாத்திரை போடுகிறாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அவனுக்குப் பிரஷர் என்பதே எனக்குச் செய்தி. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“தினம் போடுவாருங்க. காப்புக் கட்னதுலேர்ந்து போடல. மாத்திரய எலும்புல செய்றாங்களாம், கவுச்சியாம். வெரதத்துல அத்த முழுங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு.”

அவனுக்கு அதை யார் சொன்னது என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கிழங்கும் இஞ்சியும் எப்படித் தெரிந்ததோ அப்படித்தான் அவனுக்கு அது தெரிந்திருக்கும்.

தலைக்கு ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். நாங்கள் நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். வேப்பிலைப் பாவாடையை அவிழ்த்து ஒரு பையில் போட்டு அக்கா கையில் கொடுத்திருந்தார்கள். வாசலிலிருந்த பெரியவருக்குப் பசி தாங்கவில்லை போலிருக்கிறது, வண்டியிலிருந்த கொழுக்கட்டைக் கூடையைத் திறந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிரசாதம் என்று கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். கையில் வாங்கிக்கொண்டேன். தின்னத் தோன்றவில்லை. டாக்டர் திரும்பி வந்து எங்களை உள்ளே கூப்பிட்டார்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்திருந்தது. பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதில் அழுத்தம் ஏறி, அன்று காலையிலேயே அது ஆரம்பித்திருக்கிறது. அடைப்பைக் கரைக்கிற ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோதே அந்த நேரம் முடிந்துவிட்டிருந்தது. மற்ற வைத்தியங்களைச் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, கால் ஓரளவுக்கு வந்தது. வலது கை வரவில்லை.